கம்பளியா, சிந்தெட்டிக்கா? ஹாலில் விரிக்கும் முன் எழும் கேள்விகள்

வீட்டுக்கு வருபவர்களில் பாதிப்பேர் எங்கள் ஹாலில் கிடக்கும் விரிப்பைக் கையால் தடவிப் பார்த்து, "இது உல்லனா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, பிளாஸ்டிக்" என்றதும் முகம் லேசாகச் சுருங்கும். அதற்கப்புறம் வரும் கேள்விகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை வரிசையாக எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் கார்ப்பெட் வியாபாரி இல்லை. இரண்டு வகையையும் காசு கொடுத்து வாங்கி, ஒன்றைக் குப்பை வண்டியில் ஏற்றியவன், அவ்வளவுதான்.

கம்பளிதான் உசத்தி என்று ஊருக்கே தெரியும். அப்புறம் ஏன் சிந்தெட்டிக்?

உசத்திதான், மறுக்கவில்லை. கம்பளம் என்ற சொல்லிலேயே கம்பளி இருக்கிறது. ஆனால் அந்த உசத்தி எந்த ஊரில், எந்த வீட்டில் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், தரைத்தளம். முன்பு ஹாலில் கிடந்தது கம்பளிதான். ஒரு கண்காட்சியில் வாங்கியது, மெரூன் நிறம், ஆறுக்கு ஒன்பது அடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று இரவு, கணுக்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வடிந்த பிறகு நானும் மைத்துனரும் அந்தக் கம்பளத்தைத் தூக்கப் பார்த்தோம். அசையவில்லை. வாட்ச்மேனையும் கூப்பிட்டு, மூன்று பேராக இழுத்து மொட்டை மாடி ஏற்றினோம். படி முழுக்கச் சாயத் தண்ணீர். வெயில் வந்த பிறகும் ஐந்து நாள் காயவில்லை, ஆட்டுக்கிடை நாற்றம் மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. அடியில் ஒட்டியிருந்த கேன்வாஸ் துணி பாளமாக உரிந்து வந்தது, நடுவே இருந்த ரப்பர் பசை பொடியாக உதிர்ந்தது. படுக்கையறையில் கிடந்த சிந்தெட்டிக் விரிப்பும் அதே தண்ணீரில்தான் ஊறிக்கிடந்தது. நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி அலசி, மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டோம். இரண்டாம் நாள் மாலை கீழே வந்துவிட்டது.

வெள்ளம் தினமும் வருவதில்லை, சரி. ஆனால் தினமும் நடப்பதைப் பாருங்கள். காலையில் வீடு துடைக்கிறோம், மாப் விரிப்பின் ஓரத்தை நனைக்கிறது. குளித்த ஈரக் காலோடு வருகிறோம். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதற்கெல்லாம் மேல் காற்றிலேயே ஈரம். 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் கம்பளி தன் உலர்ந்த எடையில் கிட்டத்தட்ட 16 சதவீதம் தண்ணீரைக் காற்றிலிருந்தே குடித்துவைத்திருக்கும். பத்து கிலோ கம்பளியில் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். சென்னையில் பல மாதங்கள் ஈரப்பதம் அதற்கும் மேலே. சிந்தெட்டிக் விரிப்புகளில் அதிகம் வரும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம்.

அப்புறம் பூச்சி. கம்பளி, நம் தலைமுடியைப் போலக் கெரட்டின் என்ற புரதம். அந்துப்பூச்சியின் புழுவுக்கு அது சாப்பாடு. சோபாவுக்கு அடியில், வெளிச்சம் படாத, துடைப்பம் போகாத இடத்தில்தான் ஆரம்பிக்கும். வெளியே தெரியும்போது உள்ளங்கை அகலத்துக்கு மொட்டையாகியிருக்கும். பிளாஸ்டிக்கை அது தின்று பிழைக்க முடியாது.

சிந்தெட்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கடையில் "சிந்தெட்டிக்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எது என்று கேளுங்கள். நான்கு பெயர்கள் போதும்.

பாலிப்ரொப்பிலீன்தான் இன்று பெருவாரி. இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954-இல் உருவாக்கிய பிளாஸ்டிக். அந்தத் துறையில் செய்த வேலைக்காக 1963-இல் கார்ல் சீக்லருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். துருக்கியின் காசியான்டெப் நகரத் தறிகளில் ஓடுவதிலும் பெரும்பங்கு இதுதான். ஈரம் ஏறாது, சாயம் போகாது, விலை குறைவு. பாலியெஸ்டர் தொட்டால் மெத்தென்று இருக்கும், பளபளக்கும். முடி நீளமாக, பஞ்சுபோல இருக்கும் "ஷேகி" விரிப்புகள் பலவும் அதுதான். நைலான் உழைப்பாளி: மிதித்தால் நிமிரும், ஓட்டல் வராந்தாக்களில் போடுவார்கள், விலையும் அதற்குத் தக்கபடி. அக்ரிலிக், பார்வைக்கும் தொடுதலுக்கும் கம்பளிக்கு மிக அருகில் வருவது. ஊட்டி மார்க்கெட்டில் "உல்லன்" என்று வாங்கிவரும் பல ஸ்வெட்டர்களின் சங்கதியும் இதுதான். ஈரானின் காஷான் ஊரில் மெஷின் தறியில் நெய்யும் கம்பளங்களில் அக்ரிலிக் நிறைய. நாளாக ஆகப் பொறிப்பொறியாக உருண்டை கட்டும்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர் என்றால் நான் பாலிப்ரொப்பிலீன்தான் சொல்வேன்.

"பாம்பூ சில்க்" என்கிறார்களே, அது?

மூங்கிலும் இல்லை, பட்டும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரக்கூழையோ மூங்கில் கூழையோ ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்த விஸ்கோஸ் அது. ஆர்ட் சில்க் என்றும் விற்பார்கள். மினுக்கும், விரல் ஓட்டினால் நிழல் விழும், மயங்கத்தான் தோன்றும். ஆனால் ஈரம் பட்டால் இழையின் பலம் பாதிக்கு அருகில் குறைந்துவிடும். வெறும் தண்ணீர் சிந்தினாலே பல நேரம் மஞ்சள் வளையம் விழும். காசு கொடுத்து, கம்பளியைவிட நோஞ்சானான ஒன்றை ஏன் வாங்க வேண்டும்? நம் ஊர் ஹாலுக்கு இதைத்தான் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்.

கடைக்காரர் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓரத்திலிருந்து நாலைந்து இழை பிடுங்கிக்கொள்ளுங்கள். இழை பிடுங்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

முதலில் டம்ளர். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இழையைப் போட்டு விரலால் நன்றாக அமுக்கி, காற்றுக் குமிழ் போனதும் விடுங்கள். மேலே மிதந்து வந்தால் பாலிப்ரொப்பிலீன், அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. கம்பளி, நைலான், பாலியெஸ்டர் எல்லாம் மூழ்கும். சோப்பு விடாமல் செய்தால் எல்லா இழையும் தண்ணீரின் மேல்பரப்பில் உட்கார்ந்துகொண்டு ஏமாற்றும்.

அடுத்து தீக்குச்சி. இதை வீட்டில், சிங்க் மேலே, இடுக்கியில் பிடித்துச் செய்யுங்கள். கம்பளி சுருண்டு கருகும், முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலிப்ரொப்பிலீன் உருகிச் சொட்டும், மெழுகுவத்தி அணைத்த வாடை அடிக்கும், ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம்போல எரிந்துபோகும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் கறுப்பு மணியாகும், அக்ரிலிக் படபடவென்று புகை கக்கும்.

அட்டையில் "உல்லன் ஃபினிஷ்", "உல் லைக்", "சாஃப்ட் உல் டச்" என்றெல்லாம் போட்டிருந்தால் சோதனையே வேண்டாம். கம்பளி இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

சாம்பார் கொட்டிவிட்டால்?

இதுதான் நம் வீட்டின் உண்மையான பரீட்சை. வெளிநாட்டு விளம்பரங்களில் காபியும் ஒயினும் கொட்டிக் காட்டுவார்கள், மஞ்சளைக் கொட்டிக் காட்டுவதில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் கம்பளிக்கும் பட்டுக்கும் நேரடிச் சாயம். காலங்காலமாகத் துணிக்குச் சாயமேற்றியதே அதில்தான். ஆகவே கம்பளியில் சாம்பார் விழுந்தால் அது கறை இல்லை, சாயத் தொட்டி. பாலிப்ரொப்பிலீனில் நிறம் உள்ளே ஏற இடமில்லை. தறிக்கு வரும் முன்பே, பிளாஸ்டிக்கை உருக்கும்போதே வண்ணத்தைக் கலந்து இழை இழுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சிக்கல் உண்டு: இந்தப் பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் மீது பிரியம். சாம்பார் தாளித்த எண்ணெய் மஞ்சளைத் தூக்கிக்கொண்டு இழையில் ஒட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பு வைத்தால் மஞ்சளாகிறதே, அதே கதை.

நான் செய்வது இது. முதலில் கரண்டியால் வழித்தெடுப்பேன், தேய்க்கவே மாட்டேன். பழைய பனியன் துணியால் அழுத்தி ஒற்றுவேன். பாத்திரம் கழுவும் திரவத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினால் எண்ணெய் வந்துவிடும். சோப்புத் தூள் போட்டால் கறை திடீரென்று ரத்தச் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாவது இயல்பு, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் இதே வித்தைதான். எலுமிச்சம்பழத் தண்ணீரால் ஒருமுறை ஒற்றினால் மறுபடி மஞ்சளுக்கு வந்துவிடும். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் வெயிலில் நிற்காது. மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டதில் எங்கள் விரிப்பில் உள்ளங்கை அளவு கறை ஒன்று தேடினாலும் கிடைக்காத அளவுக்குப் போயிருக்கிறது.

பிளீச்சிங் திரவம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கம்பளியில் ஒரு சொட்டுகூட வேண்டாம், அது இழையையே கரைத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் இழை தாங்கும், ஆனால் அடிப்பக்கம் தாங்காது. ஆகவே அதிலும் வேண்டாம்.

சிந்தெட்டிக் என்றால் பூசணமே பிடிக்காதா?

இழையில் பிடிக்காது. விரிப்பில் பிடிக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான மெஷின் விரிப்புகளில் மேலே இருப்பது பிளாஸ்டிக், அடியில் குறுக்கே ஓடுவது பழுப்பு நிறச் சணல். சணல் தண்ணீரை ஆசையாகக் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். மாப் தண்ணீர் மேலேயிருந்து இறங்கிச் சணலில் தங்கும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் ஈரச் சாக்கு வாடை. முதலில் வாங்கிய விரிப்பில் நான் இதைக் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் இரண்டு வாரம் ஹாலில் ஏதோ எலி செத்துவிட்டது என்று தேடிக்கொண்டிருந்தோம்.

அடிப்பக்கமும் பாலிப்ரொப்பிலீனோ பாலியெஸ்டரோ ஆக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இருபுறமும் ஒரே மாதிரி தட்டையாக நெய்த வகை இன்னும் நல்லது, முடியே கிடையாது, கொடியில் போட்டால் அன்றே காயும். சணல் அடி விரிப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், வீடு துடைக்கும்போது சுருட்டிச் சோபா மேல் போட்டு, தரை காய்ந்த பிறகு விரியுங்கள். வாரம் ஒருநாள் அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டு ஃபேனைச் சுற்றவிடுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? வாக்குவம் இல்லை.

வாக்குவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மாடிக் கைப்பிடிச் சுவரில் அடிப்பக்கம் மேலே தெரியப் போட்டு, தடியால் அடியுங்கள். விழும் மண்ணைப் பார்த்தால் இத்தனை நாள் இதன்மேலா படுத்துக் கிடந்தோம் என்று இருக்கும். முடி இருக்கும் பக்கத்தைத் தென்னை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், இழை பிரியும். தும்புத் துடைப்பமோ, பிளாஸ்டிக் பிரஷோ போதும். முடி சாயும் திசையிலேயே தள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் வெயிலிலேயே போட்டுவைக்காதீர்கள். பூச்சிக்குப் பயப்படாத பாலிப்ரொப்பிலீன் வெயிலுக்குப் பயப்படும். புற ஊதாக் கதிர் தாங்கும் சரக்குச் சேர்த்திராவிட்டால் வருஷக்கணக்கில் வெயில் பட்டு நொறுங்கும். மாடியில் கட்டிய பழைய பிளாஸ்டிக் கயிறு கையில் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பால்கனிக்கு என்று வாங்கினால் "அவுட்டோர்" என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

தீப்பிடிக்குமா?

இந்த ஒரு விஷயத்தில் கம்பளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பளி தீப்பற்ற 570 டிகிரிக்கு மேல் வேண்டும், பற்றினாலும் கருகி நின்றுவிடப் பார்க்கும், உருகிச் சொட்டாது. பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும்.

நம் வீட்டில் நெருப்பு தரைமட்டத்தில் இருக்கிறது. கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணிக் கரண்டி, குத்துவிளக்கு, கார்த்திகைக்கு அகல், தீபாவளிக்கு மத்தாப்பு. ஊதுபத்தியின் சாம்பல் நுனி விழுந்தால்கூட மிளகு அளவுக்கு உருகி, கறுத்த கெட்டிப் பொட்டு விழும். எங்கள் விரிப்பில் இப்படி மூன்று இருக்கின்றன. ஒன்றின் மேல் டீப்பாய் கால் நிற்கிறது, மற்ற இரண்டையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் எரியும் விளக்கு சாய்ந்தால் பொட்டோடு நிற்காது. பூஜை அறையிலும், விளக்கேற்றும் இடத்திலும், அடுப்பு பக்கத்திலும் சிந்தெட்டிக் வேண்டவே வேண்டாம். அங்கே வெறும் தரையே சரி.

இஸ்திரியும் கவனம். விரிப்பின் மேல் போர்வையை மடித்துப் போட்டுத் துணி தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டி 200 டிகிரியைத் தொடும். ஒரு நிமிஷம் போர்வை நழுவினால் முக்கோண வடிவில் ஒரு பளபளப்பு, ஆயுசுக்கும் இருக்கும். பீரோவை விரிப்பின் மேல் வைத்துத் தரதரவென்று இழுத்தாலும் உரசல் சூட்டில் கோடு விழும்.

குழந்தை தவழ்கிறது. பிளாஸ்டிக் பரவாயில்லையா?

புது விரிப்பின் வாடைதான் முதல் தொல்லை. அது பெரும்பாலும் இழையிலிருந்து வருவதில்லை, அடியில் பூசும் ரப்பர் பசையின் வாடை. பால்கனியிலோ மாடி நிழலிலோ நாலைந்து நாள் விரித்துவைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு வாரம் கழித்தும் தலை வலிக்கிற மாதிரி வாடை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

கம்பளிக்கு நிஜமான ஒவ்வாமை அபூர்வம். ஆனால் கம்பளத்துக்குப் போடும் கம்பளி முரட்டு ரகம், குழந்தையின் முட்டியிலும் கன்னத்திலும் குத்தும், சிவக்கும். அந்த விதத்தில் சிந்தெட்டிக் மேல். ஆஸ்துமா இருக்கும் குழந்தை என்றால் கதையே வேறு. தூசிப் பூச்சிகள் நம் தோல் உதிர்வைத் தின்று வாழ்பவை, விரிப்பு எதனால் ஆனது என்று அவை பார்ப்பதில்லை. "அலர்ஜி வராத விரிப்பு" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்த வீட்டுக்குத் துடைத்த தரைதான் நல்லது. தவழும் இடத்தில் மட்டும் வாரம் ஒருமுறை துவைக்கிற மாதிரி ஒரு பருத்தி விரிப்பு போடுங்கள்.

நாய், பூனை?

ஒட்டக் கத்தரித்த முடியாக இருக்கட்டும், வளையம் வளையமாக இருக்கும் வகையில் நகம் மாட்டும், ஒரு இழுப்பில் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வரும். மூத்திரம் இழையில் தங்காது, அடிச் சணலில் தங்கும். மேலே சொன்னதேதான், அடிப்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

எத்தனை வருஷம் வரும்?

நல்ல கம்பளி, காய்ந்த ஊரில், பூச்சி பார்த்துக்கொண்டால் பேரன் காலம் வரை வரும். இழையில் இயற்கையாகவே சுருள் இருப்பதால் மிதித்தாலும் எழுந்து நிற்கும். பாலிப்ரொப்பிலீனுக்கு அந்தச் சுரணை கிடையாது. வாசலிலிருந்து சமையலறைக்கு நடக்கும் தடம் இரண்டு மூன்று வருஷத்தில் ஒற்றையடிப் பாதைபோல அமுங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைத் தலைமாற்றிப் போட்டால் தேய்மானம் பரவும். சோபா கால் குழிக்கு ஐஸ் கட்டி வைக்கும் வைத்தியம் கம்பளியில் பலிக்கும், பாலிப்ரொப்பிலீனில் அவ்வளவாகப் பலிக்காது. என் கணக்கு ஐந்தாறு வருஷம். அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்க வேண்டாம், அதற்கு மேல் எதிர்பார்க்கும் அளவுக்கு விலையும் கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடையை. டிசைனை அப்புறம் பாருங்கள்.

ஐந்துக்கு ஏழு அடி விரிப்பு என்பது 3.25 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ என்றால் மொத்தம் ஆறரை கிலோ வர வேண்டும். ஆன்லைனில் அதே அளவு விரிப்புக்கு "எடை 2.5 கிலோ" என்று போட்டிருந்தால், அது படத்தை அச்சடித்த மெல்லிய பாலியெஸ்டர் துணி. முதல் மாதமே ஓரம் சுருண்டு காலைத் தட்டும். கடையில் என்றால் விரிப்பை முடிப் பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பாருங்கள். மடிப்பில் அடித்துணி பல்லிளித்தால் நெருக்கம் போதாது. ஓரத் தையலை நகத்தால் நெம்பிப் பாருங்கள். முடி நீளம் கூடக்கூட அழகு கூடும், சுத்தம் செய்வது பாடாகும். ஒரு சென்டிமீட்டர் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

வழுவழுப்பான டைல்ஸ் என்றால் அடியில் வழுக்காத வலை ஒன்று தனியாக வாங்கிப் போடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். என் அம்மா ஒருமுறை வழுக்கி, டீப்பாயைப் பிடித்துத் தப்பித்த அன்று மாலையே வாங்கிவந்தேன்.

சுற்றுச்சூழலுக்கு?

கெடுதல்தான், மழுப்ப முடியாது. மிதிக்க மிதிக்க, துவைக்கத் துவைக்க நுண்ணிய பிளாஸ்டிக் உதிர்கிறது. பிளாஸ்டிக், சணல், ரப்பர் பசை மூன்றும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சியும் கஷ்டம், கடைசியில் குப்பைமேடு. கம்பளி மண்ணில் மக்கும். ஆனால் 30 வருஷம் வாழ வேண்டிய கம்பளம் கடலோர ஈரத்தில் மூன்றே வருஷத்தில் குப்பைக்குப் போனால், அதற்காக வளர்த்த ஆடு, போட்ட சாயம், அனுப்பிய லாரி எல்லாம் வீண். குடிதண்ணீர் பாட்டில்களை உருக்கி இழுத்த பாலியெஸ்டர் நூலில் நெய்த விரிப்புகளும் வருகின்றன, பானிபட் பக்கம் அதில் நிறைய வேலை நடக்கிறது. புதுப் பிளாஸ்டிக்குக்கு அது மேல். உதிர்வது என்னவோ அதிலும் உண்டு.

எல்லோரும் மெஷின் விரிப்பு வாங்கினால் நெசவாளி என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் வசதியான பதில் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கம் கையால் முடிச்சுப் போடும் கம்பளத் தொழில் பெரியது. பதோஹிக் கம்பளத்துக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆறுக்கு ஒன்பது அடிக் கம்பளத்தில், சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்றால், மொத்தம் 7,77,600 முடிச்சு. ஒருவர் ஒரு நாளைக்கு 6,000 போடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் 130 நாள் உழைப்பு. அதை மெஷின் விரிப்போடு ஒப்பிட்டு "விலை அதிகம்" என்பது நியாயமே இல்லை.

கைவேலைக் கம்பளம் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், சுவரில் மாட்டுங்கள், ஏ.சி. அறையில் போடுங்கள். குழந்தைகளை வைத்து நெய்யவில்லை என்பதற்கு 1994-இல் கைலாஷ் சத்யார்த்தி முன்னெடுத்த ரக்மார்க் முத்திரை, இன்று குட்வீவ் என்ற பெயரில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். நான் கண்காட்சியில் வாங்கியது முடிச்சுப் போட்டதே இல்லை, துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் நூலைக் குத்தி, பின்னால் பசை பூசி மூடிய "ஹேண்ட் டஃப்டட்". "கைவேலை சார்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டியிருந்தால் அது இந்த வகை. முடிச்சு வகையில் பின்பக்கமும் டிசைன் முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

நாங்கள் இருப்பது குன்னூரில். எங்களுக்கும் இதேதானா?

உங்களுக்கு இல்லை. காலையில் தரை ஐஸாக இருக்கும் ஊரில் கம்பளியின் கதகதப்புக்கு ஈடு கிடையாது. கட்டிலை விட்டு இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் சின்னதாக ஒன்று போடுங்கள். மூடுபனி மாதங்களில் மட்டும் அடிப்பக்கத்தை அடிக்கடி பாருங்கள்.

விரிப்பே இல்லாவிட்டால்?

தாராளமாக. சித்திரை வெயிலில் வெறும் தரையில் முதுகைப் போடும் சுகத்தை எந்த விரிப்பு தரும்? விருந்தாள் வந்தால் பவானி ஜமுக்காளத்தை உதறி விரிக்கலாம், போனதும் மடித்து வைக்கலாம். ஒரு விஷயம் மட்டும்: சிந்தெட்டிக் விரிப்பு என்றதும் முகம் சுளிப்பவர்கள் வீட்டிலும் கோரைப்பாய் போய் பிளாஸ்டிக் பாய் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதில் பலவும் இதே பாலிப்ரொப்பிலீன்தான்.

அப்பா வாங்கிய பழைய கம்பளிக் கம்பளம் பரணில் இருக்கிறது. என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். முதலில் பின்பக்கம் பாருங்கள். முடிச்சுப் போட்டதாக இருந்தால் மரியாதையாக நடத்த வேண்டிய பொருள். மாடியில் விரித்து இரண்டு பக்கமும் தட்டி, அரைநாள் வெயில் காட்டுங்கள். வெள்ளைக் கூடும், மணல் மாதிரிப் பொடியும், மொட்டைத் திட்டும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். இருந்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கொண்டுபோகாமல், பெரிய பிளாஸ்டிக் உறையில் கட்டி, கம்பளம் வெளுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூச்சி இல்லை என்றால், மடிக்காமல் முடி சாயும் திசையில் சுருட்டி, பழைய வேட்டியில் பொதிந்து கட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். அந்துருண்டை போடுவதென்றால் துணியில் முடிந்து போடுங்கள், குழந்தை கைக்கு எட்டாமல். பரணில் திரும்ப ஏற்றும்போது பின்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் சுவர்தான் முதலில் வேர்க்கும். மாசியில் ஒருமுறை, ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை இறக்கிப் பிரித்துப் பாருங்கள்.